மூன்றாம் ஓலை

பூசை முடிகிற நேரத்தில் உபதேசியார் மைக்கைத் தன் பக்கம் திருப்பினால் அந்த ஊர் மாதா கோயிலில் இருமல்கூட நின்றுவிடும். கல்யாண ஓலை படிக்கப் போகிறார் என்று அர்த்தம். யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்த சங்கதிதான். இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை படித்தாக வேண்டும். மூன்றும் படித்தால்தான் பீடத்துக்கு முன்னால் தாலி ஏறும்.

பொம்மிடியிலிருந்து மினிபஸ் போகிற ஊர் அது. பாதி வீடுகள் வேதக்காரர்களுடையவை, கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். அன்றைக்கு முதல் ஓலை சலேத்மேரியின் மகளுக்கு. பெர்னதெத் கவிப்பிரியாவுக்கும் பென்னாகரம் பங்கைச் சேர்ந்த சேவியர் மாதவராஜுக்கும் திருமணம் செய்ய நிச்சயித்திருப்பதாக உபதேசியார் படித்தார். வழக்கமான கடைசி வரியையும் படித்தார்.

“இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

அறியாத வயதிலிருந்து சலேத்மேரி கேட்டு வளர்ந்த வரி இது. ஒருநாளும் அது அவளைப் பார்த்துப் பேசியதில்லை. அன்று பேசியது. ஏனென்றால் அவளுக்கு ஒன்று தெரியும். அதுவும் முந்தின வியாழக்கிழமைதான் தெரிந்தது.

கவிப்பிரியா பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தாள். பெண்கள் விடுதியில் தங்கியிருப்பதாகத்தான் வீட்டில் பேச்சு. மாதவராஜுக்கும் அங்கேதான் வேலை. இவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் வந்து சொன்னபோது சலேத்மேரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையன் வேதக்காரன், சாதியும் ஒன்று, கைநிறையச் சம்பளம். மாதா நேரில் வந்து பார்த்து வைத்த சம்பந்தம் என்று மாதா சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். அந்தச் சபைக்கு அவள்தான் தலைவி. ஊரில் எந்தப் பெண் எந்தப் பையனோடு பைக்கில் போனாலும் அது சபையில் ஜெபக் கருத்தாக வந்துவிடும். ஜெபம் என்கிற பெயரில் அந்தப் பெண்ணின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டுத்தான் கலைவார்கள்.

முகூர்த்தப் புடவை எடுக்க பெங்களூருக்குப் போன இடத்தில், மகள் விடுதிக்குக் கூட்டிப்போகாமல் ஒரு மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தோழியின் வீடு என்றாள். கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து சலேத்மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நிம்ம அளியா தும்ப ஒள்ளேவ்ரு” என்றாள். பெங்களூர் போய்வரும் தர்மபுரிக்காரிக்கு இந்த அளவு கன்னடம் புரியாமலா போகும்? உங்க மருமகன் ரொம்ப நல்லவர் என்கிறாள். தாலி ஏறாத மருமகன்.

மகள் மறைக்கவில்லை. “ரெண்டு வருசமா இங்கதாம்மா இருக்கறோம். நானும் அவரும்.”

“அடிப் பாவி. ஆண்டவர் முன்னாடி ஒரு வார்த்த குடுக்காம ஒரே வூட்டுக்குள்ளயா?”

“வார்த்த குடுத்துக்கிட்டோம். சாட்சிக்குத்தான் ஆள் வெச்சிக்கல. அதத்தான் இப்ப வெச்சிக்கப் போறோமே.”

“சாட்சி இல்லாம குடுக்கற வார்த்தைக்குப் பேரு வேறடி.”

“நம்ம தெருவுல சாட்சியோட கட்டிக்கிட்டு தெனம் அடி வாங்கறவங்க இல்லயா? அது புனிதமான தேவதிரவிய அனுமானம், இது பாவமா?”

சலேத்மேரிக்குப் பதில் தெரியாமல் இல்லை. கணவனும் மனைவியும் ஆவது இரண்டு பேர் சம்மதத்தோடு முடிகிற காரியம் இல்லை, கடவுளையும் ஊரையும் நடுவில் வைத்து ‘சாகும்வரை’ என்று சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லிவிட்டால் ஒருத்தன் நினைத்தபோது எழுந்து போக முடியாது என்பதை அவள் நம்பினாள். முட்டாள்தனமான நம்பிக்கை இல்லை அது. ஆனால் அதை அவள் மகளிடம் அப்படிச் சொல்லவில்லை. “எம்மூஞ்சில முழிக்காத” என்றுதான் சொன்னாள். முக்கியமான நேரத்தில் நல்ல வார்த்தை வாய்க்கு வராதது அவளுடைய பிறவிக் குணம்.

இப்போது ஓலை படித்தாகிவிட்டது. தடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பாவம் தன் தலையில் விடியும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அந்த ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஓலை படித்த ஞாயிற்றுக்கிழமை பூசை கலைந்ததும் சாமியார் பங்களாப் பக்கம் ஒருவரும் போக மாட்டார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டியவன்கூட திங்கட்கிழமை வருவான். அந்த நேரத்தில் அந்தப் படியேறுகிறவன் தடை சொல்லத்தான் ஏறுகிறான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். இதெல்லாம் தெரிந்தும், கோயில் வாசலில் ஊரே நின்று பேசிக்கொண்டிருக்க, சலேத்மேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பங்களாவுக்கு நடந்தாள். பின்னால் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது அவள் காதிலும் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமியார் இளவயதுக்காரர், தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்தவர். காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

“சாமி, ஒரு தடை சொல்ல வந்திருக்கறன்.”

“யாருக்கும்மா?”

“எம்பொண்ணுக்குத்தான்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“இது தடை இல்லம்மா. பையனுக்கு முன்னாடியே கல்யாணம் ஆகியிருந்தா தடை. நெருங்கின ரத்த உறவுன்னா தடை. இது பாவம். பாவத்துக்குத்தான் பாவசங்கீர்த்தனம் இருக்கே. ரெண்டு பேரும் வந்து மனசார சொல்லட்டும். கல்யாணம் வரைக்கும் தனித்தனியா இருக்கட்டும். நானே தாலியை மந்திரிச்சுக் கல்யாணம் பண்ணி வைக்கிறேன்.”

“அவ்ளோதானா சாமி?”

“அவ்வளவுதான். பிள்ளைங்க வழிக்கு வர்றாங்க, வரட்டும். நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. இதை வேற யார்கிட்டயும் பேசாதீங்க.”

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இத்தனை பெரிய பாவம் இத்தனை சின்னதாக முடிந்துபோனதில் அவளுக்கு ஏமாற்றம். அதை அவள் யாரிடமும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கவிப்பிரியாவை வரவழைத்தாயிற்று. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, கல்யாணம் வரைக்கும் இங்கிருந்தே வேலை பார்ப்பதாக உட்கார்ந்தாள். மாதவராஜும் அவன் ஊருக்குப் போய்விட்டான். போனில்கூட அதிகம் பேசக்கூடாது என்றாள் அம்மா. மகள் அதற்கும் சரி என்றாள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் வேண்டியிருந்தது. அம்மாவும் வேண்டியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம், சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கும் போய்விட்டு வந்தாள்.

“எல்லாத்தயும் சொன்னியா?”

“அவரோட இருந்ததுக்கு வருத்தப்படறன்னு எனக்கு வாயில வரலம்மா. உங்கிட்ட பொய் சொன்னதுக்கு வருத்தப்படறன்னு சொன்னன். அது நெசம். மத்ததுக்கு வருத்தம் வரணும்னு வேண்டிக்கறன்னு சொன்னன். சாமி தலமேல கை வெச்சி மந்திரிச்சி அனுப்பிட்டாரு.”

“இப்படி ஒரு பாவசங்கீர்த்தனமா?” என்று சலேத்மேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் புருஷன் சின்னப்பன் மரவள்ளிக் காட்டில் தண்ணீர் கட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். “கட்டிக்கப் போற புள்ளைங்கதான? போனதப் போயி என்னாத்துக்குக் கிளறிக்கிட்டே இருக்கற?” என்றான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசினாலும் அந்த வீட்டில் எடுபடாது.

இரண்டாம் ஓலை படித்த ஞாயிறு, சலேத்மேரி யாரையும் பார்க்காமல் நேரே வீட்டுக்கு வந்தாள். ஆனால் ஊர் ஒரு வாரமாகச் சும்மா இருக்கவில்லை. பெண்ணைப் பெற்றவளே தடை கொடுத்திருக்கிறாள் என்றால் விஷயம் எத்தனை பெரிதாக இருக்க வேண்டும்? பெண்ணுக்கு வேறு ஒருத்தன் இருக்கிறான் என்றார்கள். கருவைக் கலைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்றார்கள். மாதா சபையில் இவளோடு உட்கார்ந்து மற்றவர்களுக்காக ஜெபித்த அதே வாய்கள்தான். பேச்சு மினிபஸ் ஏறிப் பொம்மிடி வந்து, தர்மபுரி போய், பென்னாகரத்தில் இறங்கிவிட்டது.

புதன்கிழமை மாப்பிள்ளையின் அம்மா அருளாயி காரில் வந்து இறங்கினாள். பெரிய ஜெபமாலையும் பெரிய கைப்பையுமாக வந்தவள், நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

“பெத்தவளே தடை குடுத்துட்டான்னு எங்கூரு முழுக்கப் பேச்சு. என்னா தடைன்னு எங்கிட்டயும் சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கறன்.”

சின்னப்பனுக்கு வாழ்நாளில் ஒருமுறை சமயத்தில் புத்தி வேலை செய்தது. “தடையெல்லாம் ஒண்ணுமில்லீங்க சம்பந்தி. ஞானஸ்நான சர்ட்டிபிகேட்ல பேரு தப்பா இருந்துச்சி. அதத் திருத்தப் போனா.”

அதோடு முடிந்திருக்கும். அருளாயியின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. சலேத்மேரி வாயைத் திறந்தாள்.

“பொய் எதுக்குங்க? மாதா படத்து முன்னாடி நின்னுக்கிட்டுப் பொய் சொல்ல எனக்கு வராது.” அருளாயியின் பக்கம் திரும்பினாள். “சம்பந்தி, நம்ம புள்ளைங்க ரெண்டு பேரும் தப்புப் பண்ணிட்டாங்க. பெங்களூர்ல ரெண்டு வருசமா ஒண்ணாத்தான் இருந்துக்கறாங்க. எம்பொண்ணு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா. உங்க பையனையும் பண்ணச் சொல்லுங்க. ரெண்டு பேரும் சுத்தமாயி பீடத்துக்கு வரட்டும்.”

இன்னொரு தாய், இன்னொரு பக்தி உள்ளவள், தன்னோடு சேர்ந்து அழுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். பாதிப் பாரத்தை அவள் தூக்கிக்கொள்வாள் என்று நினைத்தாள். அருளாயி ஜெபமாலையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“வாடக யாரு பேர்ல?”

“என்னாங்க?”

“அந்த வூட்டு வாடக யாரு பேர்லன்னு கேக்கறன்.”

உள்ளேயிருந்து கவிப்பிரியா வந்தாள். “எம்பேர்லதான் அத்தை. அவருக்கு அப்ப வேல போயிருந்துச்சி. எங்கிட்டதான் வந்து தங்கனாரு. அவரயே கேளுங்க, சொல்லுவாரு.”

“கேட்டுக்கறன், கேட்டுக்கறன். நீ வூடு புடிச்சி, எம்பையனக் கூட்டிக்கிட்டுப் போயி வெச்சிக்கிட்டு இருந்துக்கற. அவன் ஆம்பள. கூப்புட்டா வருவான். நீ எப்படிக் கூப்புட்ட?” சலேத்மேரியைப் பார்த்து, “மாதா சபத் தலைவி வளத்த வளப்பு நல்லாத்தான் இருக்குது” என்றாள். வைத்த தண்ணீரைத் தொடாமல் காரேறிப் போனாள்.

அன்று சாயங்காலமே கவிப்பிரியா மாதவராஜுக்குப் போன் பண்ணினாள். கிணற்றடியில் நின்று பேசியவள், முதலில் கோபமாகப் பேசினாள், பிறகு மெதுவாகப் பேசினாள், கடைசியில் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். தன் அம்மா அழுகிறாள், கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்று சொன்னானாம். அதற்கப்புறம் அவன் போன் எடுக்கவில்லை.

வேலையில்லாமல் வந்து நின்றவனுக்கு அவள் தன் வீட்டில் இடம் கொடுத்தவள். அவன் காய்ச்சலில் கிடந்தபோது லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தவள். இதையெல்லாம் அவள் அன்றைக்குத்தான் அம்மாவிடம் சொன்னாள். சலேத்மேரிக்கு அதைக் கேட்கக் கேட்கத் தன் மகள் மேல் முதல் தடவையாகப் பெருமையாக இருந்தது. பெருமைப்படலாமா என்று பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை சாமியார் தானே பைக்கில் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டதாகப் பென்னாகரம் பங்கிலிருந்து தகவல்.

“நீங்க கூப்பிட்டுப் பேசுங்க சாமி. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“பேசினேன்மா. இது ரெண்டு பேரோட பாவம், ஒருத்தர் தலையில மட்டும் கட்டக்கூடாதுன்னு அந்த அம்மாகிட்டயும் சொன்னேன். யோசிக்கணும்ங்கறான் பையன். அவன் சம்மதம் இல்லாம நான் என்ன பண்ண முடியும்?” எழுந்து வாசல்வரை போனவர் நின்றார். “உங்ககிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்.”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பூசைக்குப் போக வேண்டாம் என்று சின்னப்பன் சொன்னான். கவிப்பிரியா கேட்கவில்லை. “நா எதுக்குங்கப்பா ஒளிஞ்சிக்கணும்?” என்று தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் நடந்தாள். கோயிலில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். பூசை முடிகிற நேரத்தில் உபதேசியார் மைக்கைத் திருப்பினார். வேறொரு ஜோடிக்கு முதல் ஓலை படித்தார். படித்துவிட்டுப் பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகக் கழுத்தைத் திருப்பினார்கள். இரண்டு ஓலை படித்து மூன்றாவது நின்றுபோன பெண்ணை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. ஓலை படிக்காத பெண்ணுக்கு இன்னொரு மாப்பிள்ளை வருவான். இரண்டு ஓலையோடு நின்றவளுக்கு எவன் வருவான்? சலேத்மேரி மகளின் கையைப் பிடித்தாள். கவிப்பிரியா அதை விலக்கவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சபைக் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சலேத்மேரி பென்னாகரத்துக்கு பஸ் ஏறினாள். மாதவராஜின் வீட்டுக்குப் போனால் அருளாயி வாசலோடு அனுப்பிவிடுவாள் என்று தெரியும். கோயில் கேட்டுக்கு எதிரே, ஒகேனக்கல் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் காத்து நின்றாள். சாயங்காலப் பூசை முடிந்து அவன் வந்தான். தினமும் வருகிறானாம். நன்றாகச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, முகம் தெளிவாக இருந்தது. அவளைப் பார்த்ததும் நடை தயங்கியது. அந்தளவு மரியாதை இன்னும் மிச்சம் இருந்தது.

“தம்பி, உங்கம்மா பேசனத நா மனசுல வெச்சிக்கல. எம்பொண்ணு சோறு திங்கல. வந்து தாலியக் கட்டுப்பா.”

“அம்மாவுக்கு மனசு ஒப்பலீங்க அத்தை.”

“உனக்கு?”

அவன் ரோட்டைப் பார்த்தான். “அம்மாவ மீறி எப்படீங்க?”

“பெங்களூர்ல ரெண்டு வருசம் அம்மாவக் கேட்டுக்கிட்டா இருந்த?” என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். சண்டை போட வரவில்லை அவள். கெஞ்ச வந்தாள். என்ன சொன்னால் இவன் வருவான் என்று தேடித் தேடி, கடைசியில் அவள் சொன்னது இதுதான்.

“சரி, கல்யாணம் இப்ப வேணாம். உங்கம்மா மனசு மாறட்டும், எப்பவோ நடக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் முன்ன மாதிரியே அந்த வூட்டுக்குப் போயி இருங்க. நா ஒரு வார்த்த கேக்க மாட்டன். யாருகிட்டயும் சொல்ல மாட்டன். அவளத் தனியா வுட்டுடாத தம்பி.”

சொன்னவுடன் அவளுக்கே உடம்பு கூசியது. எந்தத் தாய் வாயிலும் வரக்கூடாது என்று அவள் நினைத்திருந்த வார்த்தை. இருந்தும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதாவது சரி என்று சொல்லிவிட மாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்தாள்.

மாதவராஜ் உண்மையாகவே அதிர்ந்துபோனான்.

“என்னாங்க அத்தை, நீங்களே இப்படிச் சொல்றீங்க? அது பாவங்க. நா பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டன். ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. மறுபடியும் அந்த வாழ்க்கைக்கு நா வர மாட்டங்க.”

கும்பிட்டுவிட்டுப் போனான். பணிவாகத்தான் கும்பிட்டான்.

சலேத்மேரிக்கு அவனைச் சபிக்க வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவன் பேசியதில் ஒரு தப்பான வார்த்தையாவது கிடைக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. பாவம் என்றான், பாவம்தான். மன்னிப்பு என்றான், கேட்டவனுக்குக் கிடைக்கிற மன்னிப்புதான். எல்லாம் வேதத்தில் உள்ளபடிதான் பேசினான். அவளுக்கு அப்படி அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள். பார்க்கிறவர்கள் சாவுக்குப் போய்விட்டு வருகிறாள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தர்மபுரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது போன் அடித்தது. கவிப்பிரியா.

“எங்கம்மா இருக்கற? சபைக்கு நீ வரவே இல்லன்னாங்க.”

“பென்னாகரத்துல.”

அந்தப் பக்கம் ரயில் சத்தம் கேட்டது.

“அவங்கிட்டயா போன?”

“ம்.”

“என்னா சொன்னான்?”

“நீ சாப்புட்டியா கண்ணு?” என்றாள் சலேத்மேரி.

“நா பொம்மிடியில வண்டி ஏறிட்டம்மா. பெங்களூருக்குத்தான் போறன். அதே வூடு.”

“தனியாவா கண்ணு?”

“தனியாத்தான். நீ கவலப்படாத. இனிமே அந்த வூட்ல பாவம் ஒண்ணும் நடக்காது.”